பரஸ்பர சம்மத விவாகரத்தில் எழுதிய சந்திப்பு நேரத்தைப் பிறகு மாற்ற முடியுமா?

எழும்பூர்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். 2019-இல் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கினோம். மகனுக்கு அப்போது மூன்று வயது. கஸ்டடி அம்மாவுக்கு. எனக்கு மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை, நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் மையத்தில் சந்திப்பு. இருவரும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடம் முன்பு அவன் அம்மாவுக்குத் திருச்சியில் ஆசிரியர் வேலை கிடைத்தது, அங்கே போய்விட்டார்கள். நான் தடுக்கவில்லை. அவனுடைய தாத்தா பாட்டியும் அங்கேதான் இருக்கிறார்கள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், ஒரு மாலின் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். அவன் மாமா பக்கத்து மேசையில் இருப்பார். சனிக்கிழமை காலையில் அவனுக்கு கால்பந்துப் பயிற்சி. நான் வரும் வாரமெல்லாம் அது போகிறது. போன மாதம் "நீ ஏன்பா மேட்ச் பாக்க வர மாட்டேங்குற, இங்கயே உக்கார வெக்கிற?" என்று கேட்டான்.

மாதம் ஒரு வாரக்கடைசி இரவு தங்கல், மே விடுமுறையில் பாதி, நடுவில் வீடியோ கால். இவ்வளவுதான் கேட்கிறேன். அவன் அம்மா "கோர்ட்ல எழுதினது எழுதினதுதான்" என்கிறார். எனக்கு முன்பு ஆஜரான வக்கீலும் சம்மதத்தில் எழுதியதை மாற்ற முடியாது என்கிறார். அப்படித்தானா?

---

பாபு_சேலம்

தலைவா, மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள்தானே? இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள், தானாகப் பேச வருவார்கள். அப்பாக்களை ஏடிஎம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

---

வக்கீல்_மீனாட்சி

பாபு சார், தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். ஜீவனாம்சம் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் ஸ்கூல் பீஸுக்கும். சந்திப்பு நடக்கவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்பதற்காகச் சந்திப்பைத் தடுக்கவும் முடியாது. நிறுத்தினால் முதலில் வருவது நிறைவேற்று மனு, அதாவது ஆணையை அமல்படுத்தக் கேட்கும் மனு. அதோடு நீதிபதி மனதில் உங்களைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் விழுந்துவிடும். அதைத் துடைப்பது பெரும்பாடு.

எழும்பூர் சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்ற முடியும், சம்மதத்தில் எழுதியிருந்தாலும் சரி. இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவு, தீர்ப்பு வந்த பிறகும் பிள்ளையின் கஸ்டடி, பராமரிப்பு, படிப்பு குறித்த ஆணைகளை அவ்வப்போது மாற்றவும் நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

இதற்கு அடிப்படைத் தீர்ப்பு நம் சென்னையிலிருந்து மேலே போன வழக்குதான். ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கஸ்டடி ஆணைகள் இயல்பிலேயே தற்காலிகமானவை. சூழ்நிலை மாறினால், காலம் கடந்தது உட்பட, மாற்றலாம். சம்மதத்தின் பேரில் போட்ட ஆணையும் விலக்கில்லை. "காலம் கடந்தது" என்பதைக் கவனியுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் போட்ட ஏற்பாடு ஒன்பது வயதில் பொருந்தாது என்று சொல்ல வேறு பெரிய காரணம் எதையும் நீங்கள் தேட வேண்டியதில்லை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2010-இல் வந்த விக்ரம் வீர் வோரா வழக்கு. அதுவும் பரஸ்பர சம்மத விவாகரத்துதான். அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. பிள்ளையை அழைத்துப்போக, சந்திப்பு ஏற்பாட்டை மாற்றக் கேட்டார். "எழுதினது எழுதினதுதான்" என்று வாதாடியவர் அப்பா. நீதிபதிகள் பையனைத் தனியே பார்த்துப் பேசினார்கள், மாற்றத்தை அனுமதித்தார்கள். கஸ்டடி விஷயத்தில் ஆணைக்கு இறுகிப்போன வடிவம் கிடையாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆக இந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். அம்மாவும் கேட்கலாம், அப்பாவும் கேட்கலாம்.

---

எழும்பூர்_அப்பா

ரொம்ப நன்றி மேடம். மனுவை எங்கே போடுவது? சென்னையிலா, திருச்சியிலா? தினமும் வந்து போகும் தூரமில்லை, அவர்களையும் அலைக்கழிக்க விருப்பமில்லை.

---

வக்கீல்_மீனாட்சி

இரண்டு வழி இருக்கிறது. 26-ஆம் பிரிவில் போவதானால் தீர்ப்பு தந்த நீதிமன்றத்திலேயே மனு, அதாவது சென்னை. 1890-ஆம் வருடத்து காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுபவர்கள் சட்டத்தில் போவதானால் 9-ஆம் பிரிவுப்படி பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றம், அதாவது திருச்சி. உங்களுக்கு வேண்டியது சந்திப்பு நேர மாற்றம்தான், கஸ்டடியை மாற்றக் கேட்கவில்லை. அதனால் பழைய கோப்பு இருக்கும் சென்னையே நேர்வழி. அந்தம்மா பிள்ளையோடு அலைவது சிரமம் என்று சொன்னால் அந்தத் தேதிகளில் காணொளி வழி ஆஜராக நீங்களே ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுங்கள். நல்லெண்ணம் தெரியும்.

60 நாளில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி லீவு போடாதீர்கள். 26-ஆம் பிரிவில் வரும் அந்த 60 நாள், பிள்ளையின் பராமரிப்புச் செலவு, படிப்புச் செலவு மனுக்களுக்குச் சொன்னது. சந்திப்பு மனு வாய்தா வாய்தாவாகத்தான் நகரும். நடுவே ஒரு கோடை விடுமுறையோ தீபாவளியோ வந்தால் அதற்கு மட்டும் தனியாக இடைக்கால மனு போட்டுக்கொள்ளலாம். அது சீக்கிரம் கிடைக்கும்.

---

வேலூர்_ரஹீம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு இந்து திருமணச் சட்டம் கிடையாதே, அப்போது?

---

வக்கீல்_மீனாட்சி

நீங்கள் 1890 சட்டத்தில் போகலாம் பாய், அது எல்லா மதத்தினருக்கும் பொது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டத்திலேயே பிள்ளைகள் பற்றித் தனிப் பிரிவுகள் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 38-ஆம் பிரிவு. எந்தச் சட்டத்தில் போனாலும் நீதிபதி கேட்கப்போவது ஒன்றுதான்: பிள்ளைக்கு எது நல்லது?

---

ராதா_ஓய்வு

நான் பல வருடம் குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். சட்டத்தை மேடம் சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு மனு எழுதுவது பற்றி மட்டும் சொல்கிறேன், மனு பாதி தோற்பது அங்கேதான்.

என்னிடம் வந்த பிரமாணப் பத்திரங்களில் பெரும்பாலானவை "என் உரிமை மறுக்கப்படுகிறது", "எனக்கு மன உளைச்சல்", "நான் ஆறு வருடமாக" என்றுதான் ஆரம்பிக்கும். பத்துப் பக்கம் போனாலும் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று இருக்காது. உங்கள் பதிவில் மிக முக்கியமான வரி, அந்தக் கால்பந்துப் பயிற்சி. உங்கள் ரயில் பயணத்தை இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள், போதும். முதல் பக்கத்தில் பையன் வரட்டும். எத்தனை மணிக்கு எழுகிறான், சனிக்கிழமை என்ன செய்கிறான், யாரோடு ஒட்டுதல், என்ன பயம், தேர்வு எப்போது. அவனுடைய ஒரு வாரத்தை எழுதுங்கள். அதில் நீங்கள் எங்கே பொருந்துகிறீர்கள் என்பதை அப்புறம் எழுதுங்கள். அப்படி எழுத முடிந்தவர்கள் பிள்ளையைத் தெரிந்தவர்கள் என்பது படிக்கும்போதே தெரியும்.

இன்னொன்று. ஒன்பது வயது என்றால் நீதிபதி தன் அறையில் கூப்பிட்டுப் பேச வாய்ப்பு அதிகம். புத்தி தெளிந்து விருப்பம் சொல்லும் வயது வந்திருந்தால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. அதற்காக ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்காதீர்கள், நீங்களும் சரி, அவன் அம்மாவும் சரி. சொல்லிக் கொடுத்த பிள்ளை "என் நலன் கருதி" என்று பேசும். இன்னொரு கேள்வி கேட்டால் திரும்பவும் அதையே சொல்லும், கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். தானாகப் பேசும் பிள்ளை நாய்க்குட்டியிலிருந்து ஆரம்பித்து விஷயத்துக்கு வரும். நீதிபதிகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் விட, தேர்வு எழுதுவது போல அந்தப் பிள்ளையை உள்ளே அனுப்புவது பாவம்.

---

கயல்_அம்மா

நான் மறுபக்கம் இருப்பவள், அதனால் எழுதுகிறேன். என் பெண்ணின் அப்பாவும் இரவு தங்கல் கேட்டு மனு போட்டார். நான் கடுமையாக எதிர்த்தேன். பழிவாங்க இல்லை. அவளுக்கு வீசிங். நடு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கும். ஸ்பேசரில் இன்ஹேலரைப் பொருத்தி எத்தனை தடவை கொடுக்க வேண்டும், எப்போது நெபுலைசர், எப்போது ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியாது. பிரிந்தபோது அவளுக்கு இந்தத் தொந்தரவே கிடையாது. "அப்பாதானே, பார்த்துக்கொள்வார்" என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர் அடுத்த வாய்தாவில் செய்தது எனக்கே ஆச்சரியம். அவளுடைய குழந்தை மருத்துவரிடம் தனியாகப் போய் நேரம் வாங்கி, எல்லாம் கற்றுக்கொண்டு, மருந்துச் சீட்டின் நகலோடு வந்தார். வீட்டில் இருக்கும் நெபுலைசரின் ரசீதை இணைத்தார். அவருடைய அம்மா அந்த இரண்டு நாளும் கூட இருப்பார் என்று எழுதிக் கொடுத்தார். முதல் மூன்று மாதம் பகல் மட்டும், பிறகு ஒரு இரவு, அது சரியாகப் போனால் இரண்டு இரவு என்று அவரே படிப்படியாகக் கேட்டார். நான் ஒத்துக்கொண்டேன்.

எழும்பூர் சார், உங்கள் மகனின் அம்மாவுக்கு என்ன பயம் என்று கேட்டீர்களா? அவருடைய தம்பி ஏன் பக்கத்து மேசையில் உட்காருகிறார்? அவமானப்படுத்த என்று நினைப்பீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அம்மாக்களுக்கு நிஜமாகவே உண்டு. மனுவில் உங்கள் வீட்டு முகவரி, வீட்டில் யார் யார், எந்த ரயிலில் அழைத்துப் போய் எந்த ரயிலில் கொண்டுவந்து விடுவீர்கள், இரவு எட்டு மணிக்கு அம்மாவோடு வீடியோ கால், பிள்ளையை வெளிமாநிலம் அழைத்துப் போவதானால் எழுத்தில் முன்கூட்டித் தகவல் என்று நீங்களே போட்டுவிடுங்கள். எதிர்மனுவில் அவர் எழுத நினைத்ததில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

---

எழும்பூர்_அப்பா

கயல் அவர்களே, இந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவரிடம் நேராகக் கேட்டேன். ஆரம்பத்தில் "எதுக்கு இப்ப?" என்றார். பிறகு சொன்னார்: என் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, அவன் ராத்திரி எழுந்து அழுதால் யாரிடம் கேட்பது? அவன் இன்னமும் விளக்கு எரிந்தால்தான் தூங்குவானாம். எனக்குத் தெரியாத விஷயம் அது.

---

பாபு_சேலம்

கயல் அக்கா எழுதியது புரிகிறது, பணத்தை நிறுத்தச் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் என் மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்லுங்கள். ஆணையில் இருக்கும் நேரத்துக்கே பிள்ளையைக் கூட்டி வருவதில்லை. போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். இதில் அதிக நேரம் கேட்டு என்ன பயன்?

---

வக்கீல்_மீனாட்சி

உங்கள் கோபம் நியாயம்தான் சார். போய்க் காத்திருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் பதிவாக வேண்டும். மையத்தில் சந்திப்பு என்றால் அங்குள்ள பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். வெளியிடம் என்றால் "வந்து காத்திருக்கிறேன்" என்று அங்கிருந்தே ஒரு செய்தி, மரியாதையாக. அன்றைக்கே வசவு அனுப்பினால் அதுதான் எதிர்மனுவில் முதல் இணைப்பாக வரும். இப்படி இரண்டு மூன்று சேர்ந்ததும் நீதிமன்றத்தில் ஒரு மெமோ, அதாவது நடந்ததைச் சொல்லும் சிறு குறிப்பு, தாக்கல் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நிறைவேற்று மனு, வேண்டுமென்றே மீறுவது தெளிவாக இருந்தால் நீதிமன்ற அவமதிப்பு. ஈடு செய்யும் நாட்களும் கேளுங்கள், தவறிய சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு என்பது போல. தொடர்ந்து தடுப்பதையே சூழ்நிலை மாற்றமாகக் காட்டி ஆணையை இன்னும் தெளிவாகத் திருத்தக் கேட்கலாம். பிள்ளையைப் பள்ளி வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. அதற்கப்புறம் எந்த வக்கீலாலும் உதவ முடியாது.

வாட்ஸாப் செய்திகளை அச்செடுத்து வைப்பவர்களுக்கு: சாட்சியச் சட்டம் மாறிவிட்டது. மின்னணு ஆதாரங்களோடு கொடுக்கும் பழைய 65பி சான்றிதழுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ். குடும்ப நீதிமன்றம், குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி ஆவணங்களைத் தாராளமாகவே ஏற்கும், இருந்தாலும் சான்றிதழோடு கொடுத்தால் வாதத்தில் நேரம் போகாது.

---

கயல்_அம்மா

அப்பா வராத கதையும் உண்டு பாபு சார். என் தோழியின் மகன் உடை மாற்றி, தலை வாரி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அவர் வரமாட்டார், போனும் எடுக்க மாட்டார். அவள் நேரத்தைக் குறைக்கச் சொல்லி மனு போட்டாள். நீதிமன்றம் குறைக்கவில்லை. வருகிறேனா இல்லையா என்று வியாழக்கிழமை மாலைக்குள் தகவல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த வாரச் சந்திப்பு கிடையாது என்று சேர்த்தது. அதுவே அந்தப் பையனுக்குப் பெரிய உபகாரமாகப் போயிற்று.

---

தென்காசி_செல்வி

வக்கீல் பீஸ் கட்ட வசதியில்லாதவர்கள் என்ன செய்வது மேடம்? எனக்கும் ஆணையை மாற்ற வேண்டும். பிள்ளையின் அப்பா குடித்துவிட்டுச் சந்திப்புக்கு வருகிறார்.

---

வக்கீல்_மீனாட்சி

சகோதரி, 1987-ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். உங்கள் விஷயத்தில் சந்திப்பை நிறுத்தக் கேட்பதற்கு முன், மேற்பார்வையோடு நடத்தக் கேளுங்கள்: நீதிமன்ற மையத்தில் மட்டும், குடித்திருந்தால் அன்று சந்திப்பு இல்லை என்று. அது கிடைப்பது எளிது. அடுத்த தடவை அப்படி வந்தால் மைய ஊழியரிடம் அப்போதே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளையின் உடலுக்கு ஆபத்து என்று தோன்றினால் அனுப்பாதீர்கள், மறுநாளே மனு போடுங்கள்.

---

எழும்பூர்_அப்பா

மனுவின் வேண்டுதல் பகுதியை எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"மாதத்தின் முதல் சனிக்கிழமை மனுதாரர் திருச்சியிலேயே மகனைச் சந்திக்கவும், கால்பந்துப் பயிற்சிக்கும் போட்டிக்கும் அவரே அழைத்துச் செல்லவும், மாலை 6 மணிக்குத் தாயின் இல்லத்தில் விடவும், நான்கு மாதம் கழித்து மூன்றாம் வாரம் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை தன்னுடன் தங்க வைத்துக்கொள்ளவும், காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் பாதியும் மே மாதத்தில் பாதியும் தன்னுடன் வைத்துக்கொள்ளவும், தீபாவளியும் பொங்கலும் ஆண்டு மாற்றி ஆண்டு, வாரம் மூன்று நாள் இரவு 7.30 மணிக்குக் காணொளியில் பேசவும்..."

---

வக்கீல்_மீனாட்சி

நன்றாக வந்திருக்கிறது. சில இடங்களை இறுக்குங்கள். "விடுமுறையில் பாதி" என்று எழுதினால் எந்தப் பாதி என்று வருடாவருடம் சண்டை வரும். இரட்டைப்படை ஆண்டில் முதல் பாதி, ஒற்றைப்படை ஆண்டில் இரண்டாம் பாதி, பள்ளி நாட்காட்டிப்படி என்று போடுங்கள். ஒரு வருடம் தீபாவளி உங்களிடம் என்றால் அந்த வருடப் பொங்கல் அம்மாவிடம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். ரயில் டிக்கெட் யார் செலவு? உங்கள் செலவு என்று எழுதிவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சந்திப்பு ரத்தாகாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும் என்று ஒரு வரி.

வீடியோ காலுக்கு யஷிதா சாஹு வழக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள், 2020. நேரில் சந்திப்பதோடு, கஸ்டடி இல்லாத பெற்றோர் பிள்ளையோடு தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது. நீங்கள் கேட்பது வாரம் மூன்று நாள்தான்.

---

ராதா_ஓய்வு

தம்பி, ஒரு திருத்தம். அந்த விளக்கு விஷயத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். "மகன் இருளுக்குப் பயப்படுவான் என்பதைத் தாய் மூலம் அறிந்தேன், அவன் தூங்கும் அறையில் இரவு விளக்கு பொருத்தியுள்ளேன்" என்று இரண்டே வரி. அவன் அம்மா அதைப் படிப்பார் இல்லையா?

---

எழும்பூர்_அப்பா

நான்கு மாதம் கழித்து வருகிறேன். எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மனு போட்டதும் ஆலோசனைக்கு அனுப்பினார்கள். நான் எழுதிய வாரக்கடைசித் திட்டத்தை அவர் வரிவரியாகப் படித்தார். மே மாதத்தில் பாதி என்பதைப் பதினைந்து நாளுக்குப் பதில் பத்து நாள் என்று குறைத்தார், முதல் வருடத்துக்கு மட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து அவன் எழுதி வந்த கையெழுத்து நோட்டு என்னிடம் தங்கும் நாட்களில் விட்டுப்போகும் என்று வருத்தப்பட்டார். தங்க வரும் நாட்களில் வீட்டுப்பாடம் என் பொறுப்பு என்று சேர்த்தோம். மாமா இனி வர மாட்டார். கூட்டு மெமோ தாக்கல் செய்து, நீதிபதி பையனிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, அதன்படியே ஆணை போட்டுவிட்டார். முதல் இரவுத் தங்கல் வருகிற மாதம். அதற்கு முன் இந்த சனிக்கிழமை அவனுக்குப் பள்ளி அளவிலான போட்டி, இடதுபுறம் ஆடுகிறான். நான் போகிறேன்.

---

வக்கீல்_மீனாட்சி

ரொம்பச் சந்தோஷம் சார். ஆணையின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை அவன் அம்மாவும் நீங்களும் சேர்ந்து போய்ப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று வாட்ச்மேனுக்கும் வகுப்பு டீச்சருக்கும் அப்போதுதான் குழப்பம் இருக்காது.